பதினொரு நிமிட வெயில்

கொழும்பின் காலி வீதியில் ஓடும் பஸ்ஸின் மிதிபலகை ஏறத்தாழ என் முழங்கால் உயரம். இருபது வருடங்களாக வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டையில் இறங்குகிறேன். அது உயரம் என்பதைச் சென்ற வருடம் ஓகஸ்ட் மாதத்தில்தான் முதன்முதலாகக் கவனித்தேன். வலக்கையால் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்தால்தான் கால் மேலே வந்தது. பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பையன், "அன்ரி, கெதியாக ஏறுங்கள்" என்றான். எனக்கு வயது 47. எங்கும் விழவில்லை, அடிபடவில்லை, கால் வீக்கமும் இல்லை. தொடைக்குள் மட்டும் யாரோ ஈரத்துணியைப் பிழிவது போன்ற ஒரு வலி.

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வைத்தியரிடம். அவர் நிமிர்ந்து பார்க்காமலே வலிக்குளிசை எழுதித் தந்து, "நாற்பத்தைந்து தாண்டினால் இப்படித்தான்" என்றார். இரண்டு கிழமை விழுங்கினேன். வயிறு எரிந்ததுதான் மிச்சம். இரண்டாவதாகப் பார்த்தவர் பேசத் தொடங்கும் முன்பே என்னை ஒரு பதிந்த ஸ்டூலில் இருத்தினார். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு எழும்பச் சொன்னார். முதல்முறை பின்பக்கமாகச் சாய்ந்து மறுபடி உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் முறை எழும்பினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. மூட்டுத் தேய்வு என்றால் வலி மூட்டில் நிற்கும், இடுப்பைச் சுற்றியும் தொடையிலும் பலம் குறைவதன் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும் என்று சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கு ஒரு நீளப் பட்டியல் எழுதினார். தைரொயிட், சீனி, கல்சியம், இரும்பு, கடைசி வரியில் விற்றமின் டி. அந்தக் கடைசி வரிக்குக் கொடுத்த பணத்தில் வீட்டுக்கு ஒரு கிழமை மீன் வாங்கியிருக்கலாம்.

முடிவு வந்தது: ஒரு மில்லிலீற்றருக்கு 12 நனோகிராம். 20 இற்குக் கீழே குறைபாடு என்று தாளிலேயே அச்சிட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகை கூட இல்லாத ஊர் இது. ஏப்ரல் பிறந்தால் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கிறது, சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்னர் ஒரு நண்பகலில் நம் நிழல் காலடிக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. இங்கே இருந்துகொண்டு வெயில் போதவில்லை என்றால், கடலில் நின்று தண்ணீர் இல்லை என்று சொன்ன கதைதான். வைத்தியர் சிரிக்கவில்லை. "ஒரு கிழமைக்கு நீங்கள் வெயிலில் நின்ற நேரத்தை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். நான் கணக்காளர். எழுதிக்கொண்டு வா என்று சொன்னால் போதும்.

அந்தக் கிழமை இப்படிப் போயிற்று. காலை 7.05 இற்கு வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை ஆறு நிமிட நடை, முழுவதும் தொடர்மாடிகளின் நிழலுக்குள். 8.15 முதல் 5.15 வரை ஒன்பதாம் மாடியில், கறுப்புச் சாயமிட்ட கண்ணாடிக்குள். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது, அதே மாடியில் சாப்பிடுவது. வீடு திரும்பும்போது சூரியன் கடலைத் தொட்டுக்கொண்டிருக்கும். சனிக்கிழமை சந்தைக்குப் போனபோது குடை. புதன்கிழமை 11.40 இற்கு வங்கிக்குப் போகையில் காற்றில் குடை புரண்டுவிட்டதால் நான்கு நிமிடம் வெயில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை பம்பலப்பிட்டியில் கோயில் வாசலில் முச்சக்கர வண்டிக்காகக் காத்து நின்றது ஏழு நிமிடம். ஆகமொத்தம் ஒரு கிழமைக்குப் பதினொரு நிமிடம். அதிலும் சேலைக்கும் நீளக்கைச் சட்டைக்கும் வெளியே இருந்தது முகமும் மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு கைகளும்தான்.

கூட்டிப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மாவையும் பரிசோதிப்போம் என்று எனக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான். அம்மாவுக்கு 74. அப்பா போன பிறகு பருத்தித்துறை வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தவர். சில மாதங்களாகக் கோயிலில் தரையில் இருந்துவிட்டு எழும்பத் தூணைப் பிடிக்கிறார். ஆனால் அவருக்கு வெயில் குறையும் என்று நான் நினைக்கவே இல்லை. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் வரவேற்பறை யன்னலருகே கதிரை போட்டு, வெயிலில் முழங்கால்களை நீட்டிக்கொண்டு பத்திரிகை வாசிப்பவர் அவர். கொசுவுக்கும் காலி வீதியின் தூசிக்கும் பயந்து யன்னல் மட்டும் எப்போதும் சாத்தியிருக்கும். அம்மாவின் அளவு 9. என்னுடையதைவிடக் கீழே.

வைத்தியர் கேட்ட முதல் கேள்வி: "யன்னல் திறந்திருக்குமா?"

நான் பள்ளிக்கூடத்தில் படித்து மறந்துபோன விஷயம் இது. சூரிய ஒளி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் பல கதிர்கள் இருக்கின்றன. தோலில் விற்றமின் டி உண்டாக்குவது யூவீ-பி என்ற புற ஊதாக் கதிர், அதிலும் 290 முதல் 315 நனோமீற்றர் வரையுள்ள ஒரு சிறு துண்டு. சாதாரண யன்னல் கண்ணாடி அதை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிடும். வெளிச்சம் வரும், சூடு வரும், தோலைக் கறுக்கவும் சுருங்கவும் வைக்கும் யூவீ-ஏ கதிரும் வரும். தேவையானது மட்டும் வெளியே நின்றுவிடும். "வெயிலில் நிற்காதே பிள்ளை, கறுத்துப் போவாய்" என்று என்னைச் சிறுவயது முதல் விரட்டிய அம்மா, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கறுத்ததுதான் கண்ட பலன். இதை அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சூட்டை நம்பக் கூடாது என்பதுதான் நான் முதலில் கற்றுக்கொண்டது. முழங்கால் இதமாகச் சுடுவது வேறு, அந்தக் கதிர் வந்து சேர்வது வேறு. கடற்காற்று வீசி உடம்பு குளிர்ந்திருக்கும் நண்பகலில் அது தாராளமாக விழும். வியர்த்து ஒழுகும் மாலை ஐந்து மணியில் அநேகமாக இருக்காது.

தோலுக்குள் நடப்பதை வைத்தியர் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்திரோல் என்று ஒரு பொருள் இருக்கிறது, கொலஸ்திரோலின் நெருங்கிய உறவுக்காரர். யூவீ-பி பட்டதும் அதன் ஒரு வளையம் உடைந்து முன்-விற்றமின் ஆகிறது. பிறகு உடம்புச் சூட்டிலேயே அது மெல்ல மெல்ல விற்றமின் டி3 ஆக மாறி இரத்தத்தில் சேர்கிறது. ஈரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம், அதற்குப் பிறகுதான் அது வேலை செய்யும் வடிவத்துக்கு வருகிறது. குடலிலிருந்து கல்சியத்தை உறிஞ்சி எடுப்பது அதன் முதல் வேலை. இரத்தத்தில் நாம் அளப்பது ஈரலில் உண்டாகும் வடிவத்தை. எனக்கு இதில் பிடித்துப்போனது வேறொரு சங்கதி. வெயில் அளவுக்கு மிஞ்சினால் அதே ஒளி அந்த முன்-விற்றமினை லூமிஸ்திரோல், டாக்கிஸ்திரோல் என்ற பயனற்ற பொருள்களாகத் திருப்பிவிடுகிறது. எனவே வெயிலால் விற்றமின் டி நஞ்சாகாது. கடை ஒரு கட்டத்தில் தானாகவே பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகும் நின்றால் வரவு இல்லை, தோலெரிவு என்ற செலவு மட்டும்தான்.

வெயில் என்றால் போதும் என்று இருந்த எனக்கு எந்த மணி வெயில் என்பதைப் பழக்கியது ஒரு குடை. எங்கள் வீட்டில் இருப்பது மடக்காத நீளக் குடை. ஒரு சனிக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு மரைன் டிரைவுக்குப் போனேன். ஆறே முக்கால் மணிக்கு அங்கே பாதி வெள்ளவத்தை நடந்துகொண்டிருக்கும். "காலை வெயில் உடம்புக்கு நல்லது" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே நடப்பார்கள். நடை நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அங்கே வெயிலே இல்லை. கடல் மேற்கே, சூரியன் கிழக்கே, நடுவில் எட்டு மாடி, பத்து மாடிக் கட்டடங்கள். அவற்றின் நிழல் வீதியைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டிக் கற்கள் வரை நீண்டு கிடந்தது. கட்டடங்களுக்கு இடையே ஒரு ஒழுங்கை வாயிலில் மட்டும் மஞ்சளாக ஒரு கீற்று. அங்கே குடையை நட்டுப் பிடித்தேன். அதன் நிழல் குடையைப் போலப் பல மடங்கு நீளமாக வீதியில் விழுந்தது.

விதி இதுதான். நிழல் ஆளைவிட நீளமாக இருந்தால் சூரியன் 45 பாகைக்குக் கீழே நிற்கிறது. கதிர் சாய்வாக வரும்போது காற்று மண்டலத்தில் அதிக தூரம் கடக்க வேண்டும், வழியில் ஓசோன் படலம் யூவீ-பியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். நிழல் ஆளைவிடக் குட்டையானால் கடை திறந்திருக்கிறது. அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் ஏறி, குடையை நட்டு நிழல் முனையில் சோக்கால் கோடிட்டு, பிறகு குடையைச் சாய்த்துக் கிடத்தி அளந்துகொண்டே இருந்தேன். செப்டெம்பர் மாதத்தில் ஒன்பது மணி தாண்டியதும் நிழல் குடைக்குச் சமமாயிற்று. அதையே டிசெம்பரில் செய்தபோது பத்து மணியை நெருங்கிவிட்டது, ஏனென்றால் அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கிறது. பிற்பகலில் செப்டெம்பரில் மூன்று மணி வரை, டிசெம்பரில் இரண்டரைக்குச் சற்று முன்பு வரை. கீழ்மாடியில் இருக்கும் ஒரு பெரியவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, வாஸ்து பார்க்கிறேன் என்று முடிவுசெய்து போனார்.

தமிழில் இதற்கெல்லாம் சொல் இருக்கிறது. இளவெயில், ஏறுவெயில், உச்சிவெயில், மஞ்சள் வெயில். நம் வீட்டு ஞானம் இளவெயிலைப் புகழ்ந்து உச்சிவெயிலைத் திட்டும். கண்ணுக்கும் மனதுக்கும் இளவெயில் இதமானது, அந்தப் புகழ்ச்சி பொய்யில்லை. விற்றமினைப் பொறுத்தவரை தேவைப்படுவது ஏறுவெயில். உச்சிவெயிலில் கதிர் இன்னும் அதிகம்தான். கொழும்பில் நண்பகல் புற ஊதாச் சுட்டெண் 11 ஐத் தாண்டும் நாள்கள் ஏராளம். அதனாலேயே அங்கே சில நிமிடங்களுக்கு மேல் நிற்கக் கூடாது, அதுவும் வயதானவர்கள் கூடவே கூடாது. வெயிற்சூடு ஆளை விழுத்திவிடும்.

அப்படியானால் எவ்வளவு நேரம்? இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணைச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை, ஏனென்றால் பதில் தோலின் நிறத்தில் இருக்கிறது. மெலனின் என்பது பிறப்போடு வந்த குடை, யூவீ-பியை அது மேலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். வெள்ளைத் தோலுக்குப் பத்து நிமிடத்தில் கிடைப்பது நம்மைப் போன்ற மண்ணிறத் தோலுக்குக் கிடைக்க அதைப் போலச் சில மடங்கு நேரம் வேண்டும். எனவே ஐரோப்பியருக்கு எழுதிய "பத்து நிமிடம்" நமக்குச் சரிவராது. வயது ஏற ஏறத் தோலில் அந்த மூலப்பொருள் குறைகிறது. அம்மாவின் தோல் அதே வெயிலில் உண்டாக்குவது என் மகளின் தோல் உண்டாக்குவதில் பாதிகூட வராது. உடம்பில் கொழுப்பு அதிகமானால் விற்றமின் டி அதற்குள் போய்ப் பதுங்கிவிடும், இரத்தத்தில் அளவு குறைவாகவே நிற்கும். இந்த மூன்றாவது எனக்கும் பொருந்தும் என்பதை வைத்தியர் நாகரிகமாகச் சொன்னார்.

எனக்கு அவர் சொன்னது: ஏறுவெயிலில், முழங்கைக்கு மேல் வரை கையும் முழங்காலுக்குக் கீழே காலும் வெளியே தெரிய, 20 முதல் 30 நிமிடம், கிழமையில் மூன்று நான்கு நாள். தோல் சிவக்க, கடுக்கத் தொடங்கும் முன்பே உள்ளே வந்துவிட வேண்டும். மண்ணிறத் தோலும் எரியும், சிவப்பு வெளியே தெரியாததால் நாம்தான் கவனிக்க வேண்டும். முகத்தைக் காட்டத் தேவையே இல்லை. அது சிறிய பரப்பு, வெயிலால் கெட்டுப்போவதில் முதலிடம், மங்கு விழுவதும் அங்கேதான். முகத்துக்குக் குடையும் கைகளுக்கு வெயிலும் கொடுக்கலாம் என்று அவர் சொன்ன நாளில் என் நாற்பது வருடக் குடைப் பழக்கத்துக்கு விடுதலை கிடைத்தது போல இருந்தது. ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: டொக்சிசைக்கிளின் போன்ற சில அன்டிபயோட்டிக்குகளும், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில நீர்க் குளிசைகளும் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். லூபஸ் நோய் உள்ளவர்களுக்கு வெயிலே ஆகாது. அம்மாவின் குளிசைப் பையை அவரிடம் கொட்டிக் காட்டிய பிறகுதான் அம்மாவுக்கு அனுமதி கிடைத்தது.

ஆனால் அம்மா வரவேண்டுமே. வெயிலில் சும்மா நிற்பதை அவரால் ஏற்க முடியவில்லை. "வெள்ளைக்காரர் ஹிக்கடுவைக் கடற்கரையில் கிடப்பது போல நானும் கிடக்க வேண்டுமா?" என்றார். வலிக்கும் முழங்கால்தானே வெயிலைப் பார்க்க வேண்டும், அதை யன்னலருகிலேயே பார்க்கிறேனே என்பது அவருடைய வாதம். இதற்கு எனக்கு ஒரு பழைய கதை கைகொடுத்தது. முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1919 இல், பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர் என்புருக்கி (ரிக்கெட்ஸ்) நோயால் கைகால் வளைந்த பிள்ளைகளுக்குப் புற ஊதா விளக்கு காட்டினார். ஒரு கைக்கு மட்டும் காட்டினாலும் மற்றக் கையின் எலும்பும் தேறுவது எக்ஸ்-ரேயில் தெரிந்தது. ஒளி பட்ட இடத்திலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தோடு உடம்பு முழுதும் போகிறது என்பதற்கு அதைவிட எளிய சான்று வேண்டாம். அதற்கும் ஏறக்குறைய நூறு வருடம் முன்பு, 1822 இல், போலந்தின் ஷ்னியாடெட்ஸ்கி என்ற மருத்துவர், வார்சோ நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்த நோய் அதிகம், கிராமத்துப் பிள்ளைகளுக்குக் குறைவு என்று கவனித்து, வெயிலையே மருந்தாகச் சொல்லியிருந்தார். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "ஊரில் எங்களுக்கு இது வரவில்லை" என்றார்.

உண்மைதான். பருத்தித்துறையில் அவர் ஒருநாளும் வெயில் காய்ந்ததில்லை. ஒடியல் காயப்போட்டார், நெல் காயப்போட்டார், மிளகாய் கிளறினார், கிணற்றடியில் துணி அலம்பினார். பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் முற்றத்தில் நின்றது வேலைக்காக. அந்த முற்றம் ஏழாம் மாடிக்கு வரவில்லை.

எனவே மிளகாய் வாங்கினேன். இரண்டு கிலோ பச்சை மிளகாய், தயிர், உப்பு. மோர்மிளகாய்க்கு இரவில் தயிரில் ஊறவேண்டும், பகலில் காயவேண்டும், சில நாள் மாறி மாறி இதே வேலை. "மொட்டைமாடியில் காகம் கொண்டுபோகும், நான் வேலைக்குப் போய்விடுவேன், பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று சொன்னேன். அன்று ஒன்பதரை மணிக்கு லிப்டில் ஏறியவர் பத்தேகாலுக்குத்தான் இறங்கினார் என்று காவல்காரர் சொன்னார். தலையில் சேலைத் தலைப்பு, கையில் ஒரு தடி, முழங்கை வரை வெயில். இதற்காக நான் எந்த மருத்துவ விளக்கமும் சொல்லவில்லை.

குளிசைக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் நான் தடுமாறியது அங்கேதான். எங்களுடைய அளவுக்கு வெயில் மட்டும் போதாது, இறங்கிய கிணற்றை முதலில் நிரப்ப வேண்டும் என்று வைத்தியர் கிழமைக்கு ஒருமுறை 50,000 அலகு, எட்டுக் கிழமைக்கு எழுதினார். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியம், தேங்காய்ப்பால் கறியோடு எடுத்தோம். இதற்கிடையில் லண்டனிலிருந்து வந்த மைத்துனி சொக்லேட்டுகளுக்கும் சென்ற் போத்தல்களுக்கும் நடுவே ஒரு விற்றமின் போத்தல் கொண்டுவந்தார். அங்கே குளிர்காலத்தில் சூரியன் ஏறவே ஏறாது, அந்நாட்டுச் சுகாதார சேவை எல்லோரையும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறது. போத்தலில் 100 என்று இருந்தது. சிறிய எண், சிறிய குளிசை. அம்மா அதைத் தினமும் ஒன்று போடத் தொடங்கினார். எனக்குத் தெரியவந்தது மூன்றாவது கிழமையில். 100 மைக்ரோகிராம் என்றால் 4,000 அலகு, ஏனென்றால் ஒரு மைக்ரோகிராமுக்கு 40 அலகு. கிழமைக் குளிசையை ஏழால் வகுத்தால் நாளுக்கு 7,000 சொச்சம். எலும்புக்கென்று ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த கல்சியம் குளிசைக்குள்ளும் விற்றமின் டி கலந்திருந்தது. மூன்றையும் கூட்டினால் நாளுக்கு 11,000 இற்கு மேல். மேற்பார்வை இல்லாமல் பெரியவர்கள் நாளாந்தம் எடுக்கக்கூடிய உச்ச வரம்பு 4,000. கணக்கியலில் இரட்டைப் பதிவு எனக்குச் சோறு போடுகிறது. குளிசையில் அதை வீட்டுக்குள் விட்டது என் பிழை.

உடனே போத்தலை நிறுத்தி, கல்சியம் அளவைப் பார்த்தோம். எல்லைக்குள் இருந்தது, தப்பினோம். மாதக்கணக்கில் போயிருந்தால் இரத்தத்தில் கல்சியம் ஏறி, தாகம், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம், சிறுநீரகக் கல் என்று போயிருக்கும். வெயிலுக்கு இருக்கும் பூட்டு குளிசைக்கு இல்லை. அன்றிலிருந்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: குளிசையின் பெயர், மைக்ரோகிராமா அலகா, நாளுக்கா கிழமைக்கா, யார் சொன்னது. யார் சொன்னது என்ற இடத்தில் "மைத்துனி" என்று வந்தால் குளிசை வெளியே.

அலுவலகத்தில் ஒரு தோழி இருக்கிறாள், தலைமுதல் கால்வரை மூடி உடுத்துபவள். அவளுக்குத்தான் குறைவாக இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அவளுடைய அளவு 34. பிள்ளைப்பேற்றின்போது வைத்தியர் சொன்னதிலிருந்து சிறிய அளவில் தினமும் குளிசை எடுக்கிறாளாம். வெயில் தன்னைத் தொடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாப்பாட்டால் சரிக்கட்டிவிடலாமா என்றும் பார்த்தேன். முட்டை மஞ்சட்கரு ஒன்றில் சுமார் 40 அலகு. நாளுக்கு 600 வேண்டும் என்றால் பதினைந்து முட்டை. எண்ணெய்ச் சத்துள்ள மீன்தான் உருப்படியான வழி. சாளை, கும்பளா, டின் மீன் எல்லாம் அந்த வகை. வெள்ளைச் சதை மீனில் அவ்வளவு இல்லை. எங்கள் வீட்டில் கிழமைக்கு மூன்று நாள் சாளை வந்தது, விலையும் குறைவு. வாசத்தைப் பற்றி எதிர்வீட்டார் ஒருமுறை கேட்டார்கள். காளானை நறுக்கி வெயிலில் வைத்தால் அதிலும் விற்றமின் டி உண்டாகும், டி2 வடிவில். இதைச் சொன்னபோது அம்மா, "உனக்கு மிளகாயே காணும்" என்று முடித்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்தோம். அதற்கு முன்பு பார்ப்பதில் பயனில்லை. இரத்தத்தில் அளக்கும் அந்த வடிவம் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று கிழமை எடுப்பதால், புதிய நிலைக்கு வந்து அமர நாள் பிடிக்கும். எனக்கு 31, அம்மாவுக்கு 27. மிதிபலகை பழைய உயரத்துக்கு இறங்கிவிட்டது. அம்மா கோயில் தூணை இன்னமும் ஒரு கையால் தொடுகிறார், ஆனால் அது பிடிப்பதற்கா பழக்கத்துக்கா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

களைப்பு மட்டும் போகவில்லை. மூன்று மணிக்கு மேசையில் தலை சாயும் அந்தக் களைப்பையும் நான் விற்றமின் டி கணக்கிலேயே எழுதிவைத்திருந்தேன். அது இரும்புச் சத்துக் குறைவு. முதல் பட்டியலிலேயே அந்த எண் இருந்தது, நான்தான் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதக் காரணம், எங்கள் வீதியில் இப்போது முடி கொட்டினாலும் மனம் சோர்ந்தாலும் இந்தப் பரிசோதனைக்கு ஓடுகிறார்கள். அமெரிக்காவில் 25,000 இற்கு மேற்பட்டவர்களிடம் நடந்த வைற்றல் (VITAL) என்ற ஆய்வில், நாளுக்கு 2,000 அலகு எடுத்தும் புற்றுநோயோ மாரடைப்போ வருவது குறையவில்லை. 2011 இல் 30 வேண்டும் என்று சொன்ன அமெரிக்க உட்சுரப்பியல் சங்கமே 2024 இல் அந்த எல்லையைக் கைவிட்டு, நோய் அறிகுறி இல்லாத பெரியவர்களுக்கு வழமையாக இதை அளக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. எனவே ஸ்டூலிலிருந்து கையூன்றாமல் எழும்ப முடிகிறவர்கள் அந்தப் பணத்துக்கு மீன் வாங்கலாம் என்பது என் எண்ணம். எழும்ப முடியாதவர்கள், எலும்பை அழுத்தினால் நோகிறவர்கள், வீட்டைவிட்டு இறங்காத வயதானவர்கள் வைத்தியரிடம் கேட்பது நல்லது.

என் வேலைநாள்களில் இப்போது மாறியிருப்பது ஒன்றே ஒன்று. மதியச் சாப்பாட்டுக்கு முன், பன்னிரண்டேகாலுக்கு, கீழே இறங்கிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கட்டடத்தை இரண்டு முறை சுற்றுகிறேன். எட்டு நிமிடம், முகத்துக்குக் குடை. முதல் நாள்களில் காவலர்கள் என்னைத் தொலைந்துபோன ஆள் என்று நினைத்து வழி சொன்னார்கள்.

ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் பிற்பகல் இடி மழை. காலையில் பளிச்சென்று இருந்துவிட்டு இரண்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வரும். மிளகாயை அதற்கு முன் இறக்க வேண்டும் என்பதால் அம்மா மதியத்துக்கும் ஒருமுறை மேலே போகிறார். கீழ்மாடிப் பெரியவரின் மனைவி இப்போது வடகம் கொண்டுவருகிறார், மூன்றாம் மாடிச் சிங்களப் பெண் கொறுக்காய்ப்புளி காயப்போடுகிறார். அம்மாவுக்குச் சிங்களம் சரியாக வராது, அவருக்குத் தமிழ் வராது, ஆனாலும் காகத்தைத் திட்டுவதில் இருவரும் ஒரே கட்சி. நிர்வாகக் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது, மொட்டைமாடியில் உணவுப்பொருள் காயப்போடக் கூடாதாம். அம்மா அதை வாசித்துவிட்டு மடித்துப் பத்திரிகைக்குள் வைத்தார். "ஒன்பதரை ஆகிவிட்டது பிள்ளை, அந்தக் குடையை எடு" என்றார்.